முடிவு தெரிந்த கதையை ஏன் படிக்கிறோம்?

'பொன்னியின் செல்வன்' படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்று வெளிவந்தது. அந்த மாதங்களில் புத்தகக் கடைகளில் நுழைந்ததும் கண்ணில் பட்டது கல்கி எழுதிய அதே பெயர் நாவலின் ஐந்து பாகங்கள்தான். படம் வருவதற்குள் படித்து முடித்துவிட வேண்டும் என்று பலர் உட்கார்ந்தார்கள். ஆதித்த கரிகாலன் கொலையாவான் என்பதும் அருள்மொழிவர்மன் பின்னாளில் ராஜராஜனாக முடிசூடுவான் என்பதும் ரகசியமே அல்ல. ஆனாலும் 2,000 பக்கங்களைத் தாண்டும் ஒரு கதையைப் படித்துவிட்டு, அதே கதையைத் திரையில் பார்க்க டிக்கெட் எடுத்தார்கள்.

இதே வாசகர்கள், வேறொரு படத்தின் கடைசிக் காட்சியை யாராவது சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். முடிவு தெரியக் கூடாது என்பதும் உண்மை. முடிவு தெரிந்த கதையைத் தேடிப் போவதும் உண்மை. இரண்டும் ஒரே மனதில் எப்படி இருக்கின்றன?

'விறுவிறுப்பு' என்ற ஒற்றைச் சொல்லால் எல்லாவற்றையும் அளப்பதால் வரும் குழப்பம் இது. கதைக்கு இரண்டு விதமான இழுப்பு உண்டு. ஒன்று நம்மைக் கடைசிப் பக்கம் வரை தள்ளிக்கொண்டு போகும். மற்றது, படித்து முடித்த பிறகு நம்மைத் திரும்ப அழைத்து வரும். இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து பிறக்கின்றன.

## செய்தி எப்போது கதையாகிறது?

'ஏரியின் மதகு உடைந்தது' என்றால் அது செய்தி. 'மதகு விரிசல் விடுவதைப் பார்த்தும் அவன் வாய் திறக்கவில்லை' என்றால் அது கதை. நடந்தது ஒன்றுதான். இரண்டாவதில் ஒரு மனிதன் வந்துவிட்டான், அவனுக்குள் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது, அது நமக்குத் தெரியவில்லை.

இந்தக் காரணத்தைத் தேடும் பழக்கம் நமக்குள் எவ்வளவு ஆழமானது என்பதை 1944-இல் அமெரிக்காவில் ஃப்ரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு குட்டிப் படத்தைக் கொண்டு காட்டினார்கள். படத்தில் ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவு வைத்த ஒரு பெட்டி. அவ்வளவுதான். அவை நகர்கின்றன, மோதுகின்றன, பெட்டிக்குள் போய் வருகின்றன. பார்த்ததை எழுதச் சொன்னார்கள். முதல் குழுவில் இருந்த 34 பேரில் ஒருவர் மட்டுமே வடிவங்கள் நகர்ந்ததாக எழுதினார். மற்ற எல்லோரும் உயிருள்ளவை செய்த காரியமாகவே எழுதினார்கள். பெரிய முக்கோணம் முரடனானது, வட்டம் பயந்து ஒளிந்தது, சின்ன முக்கோணம் காப்பாற்ற வந்தது.

கோடுகளிலேயே பயத்தையும் வீரத்தையும் பார்த்துவிடுகிறோம். முகமும் பெயரும் ஊரும் உள்ள மனிதர்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

## 'தொடரும்' என்ற சொல் செய்யும் வேலை

முதல் வகை இழுப்பைப் பார்க்கத் தமிழ் வாரப் பத்திரிகைகளின் தொடர்கதையை விடத் தெளிவான இடம் கிடைக்காது. 1890-களிலேயே 'விவேகசிந்தாமணி' இதழில் ராஜமய்யர் நாவலைத் தொடராக எழுதினார். 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கி 1954 மே வரை வந்தது. மூன்றரை ஆண்டுகள் வாரம் தவறாமல் ஒரு கதைக்காக வாசகர்கள் காத்திருந்தார்கள். அத்தியாயத்தின் அடியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் 'தொடரும்' மூன்று வேலைகளைச் செய்கிறது.

1. இடைவெளியைத் திறக்கிறது. ஆர்வம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு 1994-இல் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் லோவென்ஸ்டீன் ஒரு விளக்கம் தந்தார். தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவே இடைவெளி இருப்பதை உணரும்போது மனதில் ஓர் அரிப்பு உண்டாகிறது, அதுவே ஆர்வம். இதில் கவனிக்க வேண்டியது: ஒன்றுமே தெரியாதவருக்கு ஆர்வம் வராது. கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கடம்பூர் மாளிகைக்குப் பெரிய பழுவேட்டரையரோடு ஒரு மூடு பல்லக்கு வருகிறது. உள்ளே இருப்பது அவருடைய இளையராணி என்றே எல்லோரும் நினைக்கிறார்கள், நாமும் நினைக்கிறோம். நள்ளிரவில் ரகசியக் கூட்டம் கூடுகிறது. 'பல்லக்கில் யார்?' என்று எட்டாம் அத்தியாயத்துக்குக் கல்கி தலைப்பு வைக்கிறார். இரண்டு சொல்தான். அதற்கு முந்தைய அத்தியாயங்களில் பல்லக்கைக் காட்டி, திரையை அசைத்து, நம்மை ஒரு முடிவுக்கு வரவைத்திருக்காவிட்டால் அந்தக் கேள்விக்கு எந்த வலிமையும் இருந்திருக்காது.

2. வேலையைப் பாதியில் பிடுங்குகிறது. முடித்த வேலையை விட முடிக்காத வேலை நன்றாக நினைவில் நிற்கும் என்று 1927-இல் உளவியலாளர் ப்ளூமா ஸைகார்னிக் எழுதினார். தொடர்கதை பற்றிப் பேசுகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆய்வு இது. ஆனால் பிற்காலச் சோதனைகளில் இந்த நினைவாற்றல் முடிவு உறுதியாக நிற்கவில்லை. மரியா ஓவ்ஸியான்கினா 1928-இல் கண்டது அதை விட நிலைத்தது: பாதியில் நிறுத்தப்பட்ட வேலையை, யாரும் சொல்லாமலே, மனிதர்கள் மீண்டும் எடுத்துச் செய்கிறார்கள். வாசகரை அடுத்த வாரம் பெட்டிக்கடைக்கு நடக்க வைப்பது இந்த உந்துதல்தான்.

3. காத்திருக்க வைக்கிறது. மூன்றில் இதுவே பெரியது என்பேன். அத்தியாயம் முடிந்ததும் கதை நிற்பதில்லை, வாசகரின் கைக்கு மாறுகிறது. அடுத்த ஆறு நாளும் கதையை எழுதுவது அவர்தான். 'இவன் பிடிபட மாட்டான், அந்தச் சுரங்கப்பாதை இருக்கிறதே' என்று வீட்டில் வாதாடுகிறார். அடுத்த இதழ் வரும்போது எழுத்தாளரின் கதையும் வாசகரின் கதையும் எதிரெதிரே வந்து நிற்கின்றன. தான் நினைத்தது நடந்தாலும் மகிழ்ச்சி. நினைக்காதது நடந்து, அதுவும் பொருந்தி வந்தால் அதை விட மகிழ்ச்சி.

இந்த உத்தி எளிதில் மலிவாகிவிடக் கூடியது. கதவு தடதடவென்று தட்டப்படும், 'தொடரும்'. அடுத்த வாரம் வந்தவர் தந்திக்காரர் என்று தெரியும், கதையில் எதுவும் மாறியிருக்காது. ஒருமுறை பொறுத்துக்கொள்ளும் வாசகர் மூன்றாம் முறை தட்டும்போது திரும்பிப் பார்க்க மாட்டார். இடைவெளியைத் திறப்பது சுலபம். அதை அடைக்கும் விடை, காத்திருந்த அளவுக்குக் கனமாக இருக்க வேண்டும்.

## கிணற்றடி தெரிந்த பிறகும்

முதல் வகை இழுப்பு மட்டுமே உண்மையாக இருந்தால், நல்லதங்காள் கதையை எவரும் இரண்டாம் முறை படித்திருக்கக் கூடாது.

பஞ்சம். மானாமதுரையில் பிள்ளைகளுக்குக் கஞ்சிக்கு வழியில்லை. ஏழு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு, அர்ச்சுனாபுரத்துக்கு, நடக்கிறாள் நல்லதங்காள். அவள் போன நேரம் அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி பச்சை விறகையும் ஓட்டைப் பானையையும் கொடுக்கிறாள். மானம் போன இடத்தில் பிழைக்க மனமில்லாமல் பிள்ளைகளைக் கிணற்றில் ஒவ்வொன்றாகப் போட்டுத் தானும் குதிக்கிறாள்.

கதைப்பாடலாகவும் கூத்தாகவும் நாடகமாகவும் ஊர் ஊராகத் தெரிந்த கதை இது. வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலும் உண்டு, கிணறும் உண்டு. 'நல்லதங்காள் மாதிரி' என்று பேச்சு வழக்கிலேயே ஏறிவிட்ட பெயர். அப்படியும் 'பெரிய எழுத்து நல்லதங்காள் கதை' என்ற மெல்லிய புத்தகம் பதிப்புக்கு மேல் பதிப்பாகச் சந்தையிலும் திருவிழாவிலும் விற்றது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்தப் பெரிய எழுத்து. ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, சுற்றி இருந்தவர்கள் அழுதார்கள். என்ன நடக்கும் என்பது கேட்கிறவர்களில் யாருக்கும் தெரியாததல்ல.

முடிவு தெரிந்துவிட்டால் கதைக்குள் நடப்பது இதுதான்:

1. கேள்வி மாறுகிறது. 'என்ன ஆகும்' போய், 'எப்படி இந்த இடத்துக்கு வந்தாள்' என்பது வருகிறது. விறகு பச்சையாக இருந்தது என்ற ஒரு வரி, முடிவு தெரியாதவருக்கு வெறும் தகவல். தெரிந்தவருக்கு அது கிணற்றை நோக்கி வைத்த ஓர் அடி.

2. கதைமாந்தரை விட நமக்கு அதிகம் தெரிகிறது. பிறந்த ஊரின் எல்லை தெரிந்ததும் பிள்ளைகளிடம் 'மாமன் வீடு வந்துவிட்டது' என்று அவள் முகம் மலரும்போது, கேட்கிறவருக்குத் தொண்டை அடைப்பது அதனால்தான். அந்தச் சந்தோஷத்தை அவளோடு சேர்ந்து நம்மால் அனுபவிக்க முடிவதில்லை. அவளை எச்சரிக்கவும் வழியில்லை.

3. தெரிந்திருந்தும் நம்பிக்கை சாவதில்லை. இந்த முறையாவது அண்ணன் சீக்கிரம் திரும்பிவிட மாட்டானா என்று மனம் தவிக்கிறது. இது வெறும் மிகைப்பேச்சல்ல. உளவியலாளர் ரிச்சர்ட் கெர்ரிக் 1989-இல் இதைச் சோதித்தார். எல்லோருக்கும் தெரிந்த ஒரு வரலாற்று உண்மையை, அது நடக்காமல் போயிருக்குமோ என்ற பதைப்பு வரும்படி எழுதிக் கொடுத்தார். அதைப் படித்த பிறகு, தமக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த அந்த உண்மையை 'சரி' என்று சொல்லவே வாசகர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. கதைக்குள் இருக்கும்போது வெளியே சேர்த்து வைத்த அறிவு கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறது.

தெருக்கூத்தில் பாரதம் ஆடும் வடமாவட்ட ஊர்களிலும் இதே நிலைதான். திரௌபதி அம்மன் கோயில் திடலில் படுத்துக் கிடக்கும் மண்ணாலான துரியோதனன் உருவத்தை ஊரே சுற்றி நின்று பார்க்கிறது. அவன் தொடை பிளக்கும் என்று அறியாத குழந்தைகூட அங்கே இருக்காது.

## முடிவைச் சொன்னால் கதை கெடுமா?

2011-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஜோனதன் லெவிட், நிக்கலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 12 சிறுகதைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்குக் கதையை அப்படியே கொடுத்தார்கள். சிலருக்கு முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுத்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்களே, சராசரியில், கதையைக் கூடுதலாக ரசித்ததாக மதிப்பெண் போட்டார்கள். அப்போது இந்தச் செய்தி உலகப் பத்திரிகைகளில் பரபரப்பாக வந்தது. பிறகு வந்த ஆய்வுகள் சில இதற்கு நேர்மாறாகச் சொல்லின. எனவே 'முடிவைச் சொல்வது நல்லது' என்று யாரும் சட்டம் போட முடியாது.

கதையைப் பொறுத்தது என்பதே நியாயமான பதில். முழு எடையையும் கடைசிப் பக்கத்தின் ஒரு திருப்பத்தில் ஏற்றி வைத்த கதை, அந்தத் திருப்பம் வெளியே தெரிந்ததும் காலியாகிவிடும். அதைச் சொல்லிவிட்டவர் மேல் கோபப்படுவது சரிதான். எடை கதை முழுக்கப் பரவியிருந்தால் முடிவைச் சொல்வதால் பெரிதாக இழப்பில்லை. 'யார் கொன்றது?' என்ற மாத நாவலை ரயிலில் படித்து முடித்து இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்குகிறவர், வேறொரு புத்தகத்தை முப்பது வருடம் பீரோவில் வைத்திருக்கிறார். மாத நாவலின் குறையாக இதைச் சொல்லவில்லை. ஒரு பயண நேரத்தை நிரப்புவதாக அது தந்த வாக்கை அது காப்பாற்றிவிட்டது.

## குதிரை மேல் வந்தவன்

திரும்ப அழைக்கும் இழுப்புக்கு முதல் காரணம், கதைக்குள் நாம் யாரோடு போகிறோம் என்பது. சோழ அரசுரிமைக் கதையைச் சொல்ல அரசனையோ இளவரசனையோ முன்னால் நிறுத்தியிருக்கலாம். கல்கி நிறுத்தியது ஓலை கொண்டு போகும் வாணர்குல இளைஞன் வந்தியத்தேவனை. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். ஏரியின் 74 கணவாய்களில், அதாவது மதகுகளில், தண்ணீர் பாய்வதைப் பார்த்து வியக்கிறான். அவசரக்காரன், வாய்த்துடுக்கு உள்ளவன், அடிக்கடி வம்பில் மாட்டுகிறவன். சோழ நாட்டுக்கு அவன் எவ்வளவு புதியவனோ அவ்வளவு நாமும் புதியவர்கள். அவன் கேட்பதெல்லாம் நாம் கேட்க நினைத்த கேள்விகள்.

வரலாறு வந்தியத்தேவனைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, குந்தவைப் பிராட்டியாரை 'வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்' என்று குறிக்கிறது. அந்த ஒரு வரியைச் சுற்றி இருந்த பெரிய வெற்றிடத்தில்தான் கல்கி ஒரு மனிதனை உண்டாக்கினார்.

இன்னொன்றும் அந்த முதல் அத்தியாயத்தில் நடக்கிறது. கற்பனை ஓடத்தில் ஏறி 'நம்முடன்' பயணம் செய்ய வருமாறு நேயர்களை ஆசிரியர் அழைக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கதை சொல்கிறார் என்ற உணர்வு அங்கேயே பிறந்துவிடுகிறது. ஏற்கெனவே படித்த நாவலை மறுபடி எடுக்கிறவர் பெரும்பாலும் தேடுவது அந்தக் குரலைத்தான்.

தமிழ் இலக்கணம் இதை வெகு காலத்துக்கு முன்பே உடம்பில் வைத்துப் பேசியது. தொல்காப்பியம் சொல்லும் மெய்ப்பாடுகள் எட்டு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. மெய்ப்பாடு என்றால் உள்ளே எழும் உணர்ச்சி உடலில் வெளிப்படுவது. கண் கலங்குவதும் மயிர் சிலிர்ப்பதும் அதில் அடக்கம். இந்த எட்டில் ஆர்வத்துக்கு அருகே வருவது மருட்கை, அதாவது வியப்பு, ஒன்றுதான். மற்ற ஏழும் விடை தெரிந்ததும் தீர்ந்துபோகிறவை அல்ல. ஒரு நகைச்சுவைப் பகுதியின் கடைசி வரி மனப்பாடமாகத் தெரிந்தும் சிரிக்கிறோம்.

## மூடாமல் விட்ட கேள்வி

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் இருக்கும் கல்வெட்டு, ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று பெயர் சொல்லி, அவர்களுடைய, உறவினர்களுடைய சொத்துகளைப் பறிமுதல் செய்ததைப் பேசுகிறது. ஏன் கொன்றார்கள், பின்னால் யார் இருந்தார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை. உத்தம சோழனுக்குப் பங்கு இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி ஐயப்பட்டார்; மறுத்தவர்களும் உண்டு.

நாவலிலும் அந்தக் கத்தி யார் கையில் இருந்தது என்று கல்கி அடித்துச் சொல்லவில்லை. கொலை நடக்கும் இடத்தில் விளக்கு அணைந்துவிடுகிறது. மர்மக் கதையின் இலக்கணப்படி பார்த்தால் இது பெருங்குறை. ஆனால் எழுபது ஆண்டுகளாக வாசகர்கள் அதை வைத்தே வழக்காடுகிறார்கள். விடை சொல்லியிருந்தால் வழக்கு 1954-இலேயே முடிந்திருக்கும்.

எல்லா இடைவெளியையும் வாசகர்கள் இப்படிப் பொறுத்துக்கொள்வதில்லை. தொடர் திடீரென்று முடிந்துவிட்டதாகப் பலர் குறைப்பட்டதால், கதைமாந்தர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதைக் கல்கி முடிவுரையில் விளக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டு எதிர்வினைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'கொன்றது யார்' என்பது திறந்தே கிடக்கலாம். 'நம்ம ஆட்கள் என்ன ஆனார்கள்' என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பிரிய முடியாது. புதிரின் மேல் உள்ள பற்றை விட மனிதர்கள் மேல் உள்ள பற்று பெரிதாகிவிட்டிருந்தது.

## பைண்டு செய்த அத்தியாயங்கள்

தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்தெடுத்து, கதை முடிந்ததும் ஒன்றாகச் சேர்த்துப் பைண்டு செய்து வைக்கும் வழக்கம் தமிழ் வீடுகளில் பரவலாக இருந்தது. அட்டை போட்ட அந்தக் கட்டில் கதையோடு துணுக்கும், ஓவியமும், தலைவலித் தைல விளம்பரமும், பக்கத்தின் பின்புறத்தில் வேறொரு தொடரின் பாதியும் இருக்கும். ஒரு வாரம் விட்டுப்போயிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிச் சேர்ப்பார்கள். அத்தை மகள், மருமகள், லீவுக்கு வந்த பேரன் என்று கட்டு கைமாறிக்கொண்டே இருக்கும்.

முடிவு தெரிந்த கதைக்கு எதற்கு இத்தனை பாடு? ஒரு வீட்டில் நான்கு பேர் ஒரே கதையைப் படித்திருந்தால், அவர்களுக்குள் பேச ஒரு தனி உலகம் கிடைத்துவிடுகிறது. பழுவூர் இளையராணி நந்தினி நல்லவளா கெட்டவளா என்று அம்மாவும் மகளும் பேசும்போது, தம் வீட்டில் நேராகப் பேச முடியாத சிலவற்றையும் சேர்த்துப் பேசிவிடுகிறார்கள். 2022-இல் நாவலைத் தேடி வந்த இளைஞர்களில் பலருக்கு அது முன்பே கேள்விப்பட்ட பெயர். பாட்டியோ அப்பாவோ படித்ததைப் பார்த்திருந்தார்கள். அந்தப் பேச்சுக்குள் தாமும் நுழைய வேண்டும் என்ற ஆசையையும் கதையின் இழுப்பில் சேர்த்தே எண்ண வேண்டும்.

## பூட்டிய அத்தியாயம்

வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைக்கு இருந்த இடம் சுருங்கிவிட்டது. தொடர் வடிவம் சாகவில்லை, கைப்பேசிக்கு இடம் மாறிவிட்டது. 2014-இல் பெங்களூருவில் தொடங்கிய பிரதிலிபி போன்ற செயலிகளில் தமிழ்த் தொடர்கள் ஏராளமாக வருகின்றன. எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் பெருகியிருக்கிறார்கள். அச்சில் ஒருபோதும் இடம் கிடைத்திருக்காத பலர் எழுத வந்திருப்பது நல்ல மாற்றம்.

காசு வாங்கும் முறைதான் கதையின் உருவத்தைத் தொடுகிறது. பத்திரிகை வாங்கியவர் முழு இதழுக்கும் காசு கொடுத்தார். தொடர் அதில் ஒரு பகுதி. செயலியில் அடுத்த அத்தியாயம் பூட்டியிருக்கும், காசு கட்டினால் உடனே திறக்கும், இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். இதில் விலைக்கு வருவது முதல் வகை இழுப்பு மட்டும். அதுவும் அரைகுறையாகத்தான், ஏனென்றால் காத்திருக்கும் நாட்களில் வாசகர் தானாகக் கதை கட்டிய அந்த இடத்தை, 'இப்போதே திற' என்ற பொத்தான் எடுத்துக்கொள்கிறது. வாரக்கணக்கில் வீட்டுக்குள் நடந்த வாதம் சில வினாடிகளில் முடிந்துவிடுகிறது.

எழுதுகிறவரையும் இது மாற்றும். ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்த பூட்டைத் திறக்க வைக்க வேண்டுமென்றால், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கதவு தட்டப்பட வேண்டும். ஏரிக்கரையில் நின்று மதகுகளை எண்ணும் ஒருவனுக்காக ஒரு பக்கத்தை ஒதுக்கத் துணிச்சல் தேவைப்படும். அந்தப் பக்கம் எந்தப் பூட்டையும் திறக்காது. ஒருமுறை திறந்த அத்தியாயத்தை எத்தனை தடவை மீண்டும் படித்தாலும் புதிதாகக் காசு விழுவதுமில்லை. பத்து வருடம் கழித்து அதே கதைக்குத் திரும்பி வரும் வாசகரை அந்தக் கணக்கால் பார்க்க முடியாது.